யார் பார்த்தது என்று கேட்டவர்

அந்த டீச்சரின் பேச்சை எடுத்தாலே எங்கள் பல்கலைக்கழகத்தில் முகம் சுளிப்பார்கள். "சபாக் பக்கமா? அந்த அம்மா இருக்கிற பள்ளி வேணாம் சார், வேற பாருங்க" என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஆய்வாளர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது, வாசலிலேயே மறித்துக் கேள்வி கேட்பார், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக்கூட மதிக்க மாட்டார் என்று அவருக்குப் பெயர். ஒருவரைப் பற்றி ஊர் பேசுவதில் பாதி பொய்யாக இருக்கும். இவர் விஷயத்தில் அவ்வளவும் உண்மை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள்.

நான் அப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, என் பேராசிரியருக்கு ஆய்வு உதவியாளனாகவும் இருந்தேன். வயது முப்பத்தெட்டு. கோலசிலாங்கூரில் அத்தா நடத்திய சாப்பாட்டுக் கடையில் உட்காரப் பிடிக்காமல் படிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன். டீச்சருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. குள்ளமான உருவம், குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. பாஜு கூரோங் என்ற நீளமான மலாய் உடைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். தூறல் விழுந்தாலே தோட்டத்து மண்சாலை சேறாகிவிடும், மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு வேறு வழியில்லை. வகுப்புக்குள் வந்த பிறகும் அதைக் கழற்ற மாட்டார்.

பள்ளி வட சிலாங்கூரில், சபாக் ஊருக்குச் சற்று முன்னால், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்தது. மொத்தமே நாற்பது பிள்ளைகள் இருந்தால் அதிகம். நான் போன அன்று வழியில் செகிஞ்சானில் நெல் லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பெட்டிக்குள்ள என்னா சார்?"

"வினாப்பாரம் டீச்சர். மாணவர்களோட ஸ்டெம் ஆர்வத்தப் பத்தி ஓர் ஆய்வு."

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்று நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஸ்டெம் என்று அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"போன வருசம் வந்தவங்களும் ஆர்வத்தத்தான் அளந்தாங்க. அதுக்கு முந்தி வந்தவங்களும் அதத்தான் அளந்தாங்க. எவ்ளோ இருந்துச்சாம்?"

"தெரியல டீச்சர்."

"எங்களுக்கும் தெரியல. அளவெடுத்துட்டுப் போன தையக்காரன் சட்டைய மட்டும் குடுக்கல. ஒருத்தரு வர்றாரு, பாரம் குடுக்கறாரு, புள்ளைங்களோட போட்டோ புடிக்கறாரு, போயிடறாரு. என்னா கண்டுபிடிச்சீங்கன்னு அந்தப் புள்ளைங்ககிட்ட யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல."

அதன் பிறகு அவருடைய நிபந்தனையைச் சொன்னார். ஆய்வு செய்ய வருகிற யாராக இருந்தாலும் முதலில் ஒரு நாள் முழுக்க அவர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். எழுதக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். மற்றவர்கள் இதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்குத் தரவு வேண்டும், பேராசிரியருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தேன்.

அன்று நான் பார்த்ததை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. கோபத்துக்குக் காரணம் பின்னால் வரும். செம்பனைத் தோட்டங்களில் எலித்தொல்லைக்காகக் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பார்கள். ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிப் போடும். பிள்ளைகள் அந்த உருண்டைகளைப் பொறுக்கி வந்து, பழைய செய்தித்தாள் மேல் வைத்து, பல்குத்தும் குச்சியால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் உருண்டையில் எத்தனை மண்டையோடு, எந்தப் பெட்டிக்குக் கீழே அதிகம், அங்கே பழச்சேதம் குறைந்திருக்கிறதா என்று கரும்பலகையில் பெரிய கட்டம் போட்டு நிரப்பினார்கள். ஒரு பையன் மூன்று மண்டையோடு என்றான். டீச்சர் உடனே, "யார் பாத்தது?" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து போய் எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டுதான் டீச்சர், இன்னொன்னு தாடை" என்றார்கள். பையன் கட்டத்தில் மூன்றை அழித்து இரண்டு என்று எழுதினான்.

அந்தக் கேள்விதான் அவர். யார் பார்த்தது? காலையில் பள்ளிக்குள் நுழைவது முதல் மோட்டாரை உதைத்துக் கிளம்புவது வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நாளைக்கு மழை வரும் என்று யாராவது சொன்னாலும் கேட்பார். கோயில் திருவிழாவுக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள் என்று சொன்னாலும் கேட்பார். தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர். "டீச்சர், என் வாயால ஒரு வார்த்த வந்தா ஒடனே சாட்சி கேட்கறீங்க, இது பள்ளியா கோர்ட்டா லா?" என்று அவரே ஒருமுறை எங்கள் ஊர் 'லா' போட்டு அலுத்துக்கொண்டாராம்.

ஆந்தை விஷயத்தில் பெற்றோரிடமிருந்து ஒரு புகார் வந்தது. தோட்டத்தில் செம்பனைப் பழம் அறுக்கும் ஒருவர் வேலைக்காட்டிலிருந்து நேராக, வியர்வையோடு வந்து நின்றார்.

"டீச்சர், ஆந்த எச்சத்த எம்புள்ள பைக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டாருது. சாமி வெளக்கு ஏத்தற வீடு."

"எச்சம் இல்லண்ணே, வாந்தி."

"அது இன்னும் மோசம் லா."

"அண்ணே, ஆந்த வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. நீங்க இருபது வருசமா ஆந்தப் பெட்டிக்குக் கீழதான் பழம் அறுக்கறீங்க. என்னா ஆச்சு ஒங்களுக்கு?"

அந்த மனிதர் யோசித்தார். "முதுகு வலி" என்றார். டீச்சர் சிரித்தார், அவரும் சிரித்துவிட்டார். உருண்டை மட்டும் அதற்குப் பிறகு பிள்ளைகளின் பைக்குள் போகாமல் பள்ளியிலேயே தங்கியது. அவ்வளவுதான் அவர் விட்டுக்கொடுத்தது.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியோடு நடந்த சண்டையை சபாக்கில் தேத்தண்ணிக் கடைகளில்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள். தோட்ட ஆபீசுக்குப் பக்கத்தில் மழையளவைக் குவளை ஒன்று உண்டு. கிராணி தினமும் அதைப் பார்த்துப் பெரிய புத்தகத்தில் எழுத வேண்டும். டீச்சர் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், புத்தகத்தைப் பார்க்கலாமா என்று பணிவாகத்தான் கேட்டிருக்கிறார். ஒரு நாள் விடாமல் அழகான கையெழுத்தில் மழை அளவு இருந்தது. பிறகு பிள்ளைகள் குவளையைத் திறந்து பார்த்தார்கள். மேலே இருந்த புனலில் குளவி கூடு கட்டி, அது காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கி எத்தனை மாதமோ.

"இந்த மழைய யார் பாத்தது சார்?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

கிராணி பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிக் கத்தியிருக்கிறார். மறுநாள் மேனேஜர் வரை போய், கடைசியில் குவளையைப் பார்க்கும் வேலை நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே வந்துவிட்டது. கிராணி சாகும்வரை டீச்சரோடு பேசவில்லை. டீச்சர் அவருடைய இழவுக்குப் போனார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தும் கேட்டும்தான் நான் என் பெட்டியைத் திறந்தேன்.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அறிவியலைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு வகுப்பில் வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமையும் கிடையாது, நேரமும் கிடையாது. ஆர்வத்தை அளக்க இருபது நிமிடம் போதும். ஆகவே நாங்கள் ஆர்வத்தை அளந்தோம். அது தீர்ந்தால் மனப்பான்மையை அளந்தோம், அதுவும் தீர்ந்தால் விழிப்புணர்வை அளந்தோம். வெளிநாட்டில் யாரோ செய்த வினாப்பாரத்தை எடுத்து, தமிழில் மாற்றி, ஐந்து எண்களுக்குள் பிள்ளைகளை வட்டம் போட வைத்து, கணினியில் கொட்டினால் கட்டுரை தானாக வரும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் "ஆய்வின் வரம்புகள்" என்று ஒரு பத்தி இருக்கும். செய்த பாவத்தையெல்லாம் அங்கே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும். டீச்சர் எந்த ஆய்வைக் கையில் கொடுத்தாலும் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்.

எங்கள் ஆய்வுக்கு ஓர் அறவாரியம் உதவி செய்தது. வட சிலாங்கூர்த் தோட்டப்பள்ளிகளில் மூன்றுக்கு அறிவியல் பட்டறை ஒன்று கட்டித் தருவதாகவும், பிள்ளைகளிடம் ஆர்வம் எங்கே அதிகம் என்று பார்த்துக் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். அதை நான் டீச்சரிடம் மறைக்கவில்லை. அவர் தலையாட்டினார். ஒரு பட்டறை கிடைத்தால் ஆந்தை உருண்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரிக்க வேண்டியிருக்காது என்று மட்டும் சொன்னார்.

வினாப்பாரம் எழுதும் நாளன்று நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்தோம். டீச்சரை வெளியே போகச் சொன்னேன்.

"நீங்க இருந்தா ஒங்களுக்குப் புடிச்ச மாதிரி எழுதுவாங்க டீச்சர். ஆய்வு முறைப்படி நீங்க இருக்கக்கூடாது."

"நியாயம்தான். அப்ப நீங்க இருக்கணும். இருப்பீங்கதானே?"

"இருப்பேன்."

அவர் போய்த் திடலுக்கு அந்தப் பக்கம், மாமரத்தடியில் நின்றார். நான் அறைக்குள் ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "சார், பசியாறலியா? கறிபாப் சுடச்சுட இருக்கு" என்றார். காலையில் செகிஞ்சானைத் தாண்டி வந்த பசி. பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். போய்விட்டேன். உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த இரண்டு கறிபாப்பும் ஒரு தேத்தண்ணியும் முடித்துத் திரும்பியபோது பாரங்களெல்லாம் அழகாக அடுக்கி மேசைமேல் இருந்தன.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. எடுத்த பள்ளிகளிலேயே இந்தப் பள்ளிதான் கடைசி. சாதாரணக் கடைசி இல்லை, அதலபாதாளம். பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி வந்தால் கட்டுரைக்கு என்ன சுவாரசியம்? "தோட்டத்தின் உட்புறப் பள்ளி மாணவர்களிடையே அறிவியல்பால் ஈடுபாடு காணப்படவில்லை" என்ற வரியை நான்தான் எழுதினேன். அதற்குக் காரணமாகப் பெற்றோரின் கல்வி, வீட்டுச் சூழல், முன்மாதிரிகள் இல்லாமை என்று மூன்று பத்தியும் நானே எழுதினேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவருடைய வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. வகுப்பில் நான் பார்த்த மண்டையோடுகளும் கரும்பலகைக் கட்டமும் எங்கே போயின என்று கேட்காதீர்கள். எண்கள் வேறு மாதிரிச் சொன்னபோது என் கண்ணை நான் நம்பவில்லை. "தரவு ஆய்வாளரின் நேரடி மேற்பார்வையில் திரட்டப்பட்டது" என்றும் எழுதினேன். அது வழக்கமாக எழுதுகிற வரி.

கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளியாயிற்று. டீச்சர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார்.

"முடிவு வந்துருச்சா சார்?"

"வந்துருச்சு டீச்சர். அனுப்பி வைக்கறேன்."

"எனக்கு வேணாம். புள்ளைங்களுக்கு வந்து சொல்லுங்க. எழுதுனது அவங்க."

போகாமல் தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் போய் நின்று, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக, "ஒங்களுக்கு அறிவியல்ல ஆர்வம் கொஞ்சம் கொறவா இருக்குன்னு தெரியுது, பரவால்ல, இனிமே வளத்துக்கலாம்" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை, முன்பு மண்டையோட்டைத் திருத்தி எண்ணிய இரண்டு பேரில் ஒருத்தி, கையைத் தூக்கினாள்.

"யாருக்கு சார்?"

"ஒங்க பள்ளியில... பொதுவா."

"எனக்கு இருக்கு சார். நான் எல்லாத்துலயும் ஒன்னு போட்டேன்."

அறைக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சர் ஓர் அடி முன்னால் வந்தார். "ஏம்மா ஒன்னு போட்ட?"

"ஒன்னுதானே டீச்சர் மொத எடம். பரிசளிப்புல நம்பர் ஒன்னுக்குத்தானே பெரிய கப்பு குடுப்பாங்க. எனக்கு அறிவியல்தான் நம்பர் ஒன்னு."

அவளுக்குப் பின்னால் ஒரு பையன், "நான் கணிதத்துக்கு மட்டும் அஞ்சு போட்டேன். எனக்குக் கணிதம் வராது" என்றான். பிறகு எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்று, ஒன்று, ஒன்று.

வினாப்பாரத்தில் ஒன்று என்றால் சற்றும் உடன்படவில்லை, ஐந்து என்றால் முழுமையாக உடன்படுகிறேன். அந்த விளக்கத்தை நான் முதல் தாளில் அச்சிட்டிருந்தேன். காகிதம் மிச்சம் பிடிப்பதற்காகப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவத்தையும் அதே தாளில் போட்டிருந்தேன். பெற்றோர் கையெழுத்திட்ட அந்தத் தாளைப் பிய்த்து ஒரு வாரம் முன்பே வாங்கிக்கொண்டுவிட்டோம். எழுதும் நாளில் பிள்ளைகளிடம் வெறும் எண்கள்தான் இருந்தன. மற்ற பள்ளிகளில் ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று, "ஐந்துக்கே வட்டம் போடுங்க, அதான் நல்லது" என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தேன். சொல்லிக்கொடுக்காத பள்ளி இது ஒன்றுதான். கேட்டிருந்தால் சொல்ல வேண்டியவன் நான், நான் கறிபாப் தின்றுகொண்டிருந்தேன்.

டீச்சர் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பினார். கதவைச் சாத்தவில்லை. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"நீங்க உள்ள இருக்கீங்கன்னுதான் சார் நான் மாமரத்தடியில நின்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"என்னைய பதினாறு வயசுல, நாலாம் படிவத்துல கலைப் பிரிவுல போட்டாங்க சார். மார்க் இருந்துச்சு. ஏன்னு கேட்டேன். தோட்டத்துப் புள்ளைங்களுக்கு சயன்ஸ் தங்காது, ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்கன்னு அந்த சார் சொன்னாரு. எவன் எழுதுனான், எந்தத் தோட்டத்துல பாத்தான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு வாரம் சயன்ஸ் கிளாஸ் வாசல்ல நின்னேன். உள்ளயும் விடல, நானும் போகல. கடைசியில அவங்களுக்கே அசிங்கமாகி உள்ள விட்டாங்க. இந்தப் புள்ளைங்கள்ல எத்தனை பேரு அப்படி நிப்பாங்க?"

என் கையிலிருந்த கட்டுரையைப் புரட்டி, ஈடுபாடு இல்லை என்ற இடத்தில் விரலை வைத்து, "அந்த வரிய எடுங்க சார்" என்றார்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். "கட்டுரை வந்துடுச்சு. அடுத்த கட்டுரையில வரம்புகள்ல ஒரு வரி சேர்த்துக்கலாம். அறவாரியத்துக் கூட்டத்துல அடுத்த மாசம் நீங்கதான் முடிவுகளப் படைக்கறீங்க. பெரிசு பண்ணாதீங்க" என்றார். இதற்குள் வேறு இரண்டு பேர் எங்கள் வரியை எடுத்துத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டிவிட்டார்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், "பல ஆய்வுகள் நிறுவியுள்ளபடி" என்று எழுதியிருந்தார்.

அன்று மாலை கடையில் அத்தாவிடம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பரோட்டா மாவைப் பிசைந்தபடியே கேட்டார்: "வந்து ஒக்காந்தவன்கிட்ட என்னா வேணும்னு கேட்டுட்டு, அவன் சொல்றதுக்குள்ள நீ எந்திரிச்சுப் போய்ட்டே. அப்பறம் அவனுக்குப் பசியே இல்லன்னு சமையக்காரன்கிட்ட சொல்லியிருக்க. அப்படித்தானே?" அப்படித்தான் என்றேன். அவர் மாவை உருண்டை பிடிக்க ஆரம்பித்தார்.

அறவாரியத்தின் கூட்டம் கோலசிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தலைமையாசிரியர்கள், பெற்றோர் சங்கத்தார், இரண்டு பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். பேராசிரியர் முன்வரிசையில் இருந்தார். வண்ணப்படங்களோடு நான் முடிவுகளைப் படைத்தேன். எங்கள் பள்ளிகளின் வரிசையைத் திரையில் காட்டியபோது கடைசிப் பெயர் வந்த இடத்தில் வேகமாகப் பக்கத்தைத் தள்ளினேன். கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையில் டீச்சர் எழுந்தார். ஒலிவாங்கியை ஒருவர் கொண்டுவந்து நீட்டினார், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"சார், தரவு ஆய்வாளரோட நேரடி மேற்பார்வையில எடுத்ததுன்னு போட்டிருக்கீங்க. எங்க புள்ளைங்க எழுதுனப்ப ரூம்ல யார் இருந்தது?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "நான் இருந்தேன்" என்று சொல்லியிருக்கலாம். முதல் ஐந்து நிமிடத்தை வைத்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை. என் ஒப்பந்தமும் பட்டமும் அந்த ஒரு சொல்லில் பத்திரமாக இருந்தன. டீச்சர் காத்திருந்தார். கைகட்டி நின்றிருந்தார், முகத்தில் கெஞ்சல் துளி இல்லை. என்னைக் காப்பாற்றும் எண்ணமும் இல்லை.

"யாரும் இல்ல டீச்சர். நான் ஆபீஸ்ல கறிபாப் தின்னுக்கிட்டிருந்தேன்" என்றேன். எண்கள் தலைகீழானதையும் சொன்னேன். மற்ற பள்ளிகளில் சொல்லிக்கொடுத்து எழுத வைத்ததையும் சொன்னேன். சில பேர் சிரித்தார்கள். சில தலைமையாசிரியர்கள் என்னைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

அறவாரியத்து அம்மையார் நயமாக, "அப்படியென்றால் இன்னொரு வினாப்பாரம் கொடுத்து மறுபடியும் ஆய்வு செய்யலாமே" என்றார்.

"இன்னொரு பாரம் வேணாம் மேடம். வந்து ஒரு நாள் ஒக்காருங்க. நாற்காலி சின்னது, ஆனா இருக்கு" என்று டீச்சர் சொன்னார்.

யாரும் வரவில்லை. பட்டறைகள் ஏற்கெனவே முடிவுசெய்த மூன்று பள்ளிகளுக்கே போயின. எனக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. பேராசிரியர் அதன் பிறகு என் தொலைபேசியை எடுக்கவில்லை. முனைவர் பட்டத்தை வேறோர் இடத்தில், வேறொரு தலைப்பில், நாற்பத்தைந்து வயதில் முடித்தேன். இதற்காக நான் டீச்சர் மேல் கோபப்பட்டதுண்டு. பொய் சொல்லக்கூடாது, நிறையவே கோபப்பட்டேன். பட்டறை போய்விட்டதற்காவது அவர் வருத்தப்படுவார் என்று நினைத்துக் கேட்டேன்.

"ரூம் அவங்க இஷ்டம் சார். சாப்பாட்டு மேச இருக்கு, நாங்க பாத்துக்குவோம். ரூம் இல்லாம இருந்துடலாம், அந்த வரியோட இருக்க முடியாது. எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. ஆய்விதழுக்கு நான் எழுதினேன். அவர்கள் பேராசிரியருக்கு எழுதினார்கள், அவர் மறுத்து எழுதினார், நான் சம்மதப் படிவத்தின் நகலோடு மறுபடி எழுதினேன். டீச்சர் மாதம் ஒருமுறை அழைப்பார். நலம் விசாரிக்க மாட்டார். "எடுத்தாச்சா?" என்பார், இல்லை என்றால் "சரி" என்று வைத்துவிடுவார். கடன்காரனிடமிருந்து வரும் அழைப்பைப்போல அந்த எண்ணைக் கண்டால் நான்கைந்து மணி அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று ஆய்விதழ் அறிவித்தது. அன்று முதல் தடவையாக நான் அவரை அழைத்தேன்.

"நல்லது சார். எப்ப வர்றீங்க?"

"எதுக்கு டீச்சர்?"

"ஆர்வம் இல்லன்னு புள்ளைங்க முன்னால நின்னு சொன்னீங்கல்ல. இதையும் அங்கேயே வந்து சொல்லுங்க."

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஜொகூர் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், திருமணமாகி வெளிநாடு போனதாக இன்னொருவர் சொன்னார். இரண்டையும் யாரும் நேரில் பார்த்ததாகத் தெரியவில்லை என்பதால் நான் நம்பவில்லை. என்னிடம் இப்போது படிக்கிற மாணவர்கள் வினாப்பாரத்தோடு வந்தால், முதலில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறேன். என்னைப் பற்றியும் கல்லூரியில் முகம் சுளிக்கிறார்கள் என்று கேள்வி.

அன்று டீச்சர் கேட்டபடியே, ஒரு திங்கட்கிழமை காலை பள்ளி முழுதும் கூடும் சபைகூடலில் அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றேன். ஐந்தாம் ஆண்டில் இருந்தவர்கள் ஆறாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தை எடுத்தேன், டீச்சர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். வாயால்தான் சொன்னேன். நான் ஒங்களப் பத்தித் தப்பா எழுதிட்டேன். நீங்க எழுதறப்ப நான் இருந்து பாக்கல. அது தப்புன்னு இப்ப எல்லாருக்கும் சொல்லியாச்சு. பிள்ளைகள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். தலைமையாசிரியர் தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது அந்த இரட்டைச் சடைப் பெண் மட்டும் என்னிடம் வந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள்.

"அப்ப எங்களப் பத்தி இப்ப என்னா எழுதியிருக்கு சார்?"

"ஒன்னும் இல்லமா. அந்தக் கட்டுரையே இப்ப கெடையாது."

"ஒன்னுமே இல்லையா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் பூட்ஸ் சேற்றைப் படிக்கட்டு விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அப்ப எடம் காலியாத்தான் இருக்கு" என்றார் அவளிடம். "படிச்சு வந்து நீ எழுது. இப்ப வகுப்புக்குப் போ, மணி அடிச்சாச்சு."